அடைக்கலப் பொருள்

தொண்டு செய்யப் புறப்படுகிறவன் தனக்குச் சொந்தமானது எதையும் கொடுத்துவிடலாம். பொருளைக் கொடுக்கலாம், உழைப்பைக் கொடுக்கலாம், உயிரையே கொடுத்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் தன் குழந்தையைக் கொடுக்கலாமா? முதலில், குழந்தை அவனுக்குச் சொந்தமானதுதானா?

இது புதிய கேள்வி அன்று. சிறுத்தொண்டர் கதையை என் பாட்டி சொல்லக் கேட்டபோது எனக்கு ஏழு வயது இருக்கலாம். அடியாருக்கு அமுது படைப்பதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்து வருகிற கட்டம் வந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் கண்ணீர் தொண்டரின் பக்திக்காக. சிறுவர்களாகிய எங்கள் கவலையோ வேறு. "சீராளனை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா, பாட்டி?" என்போம். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள். "கேக்கலைதான். அதனாலேதான் சாமியே வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போச்சு" என்பாள்.

அரிச்சந்திரன் கதையிலும் இதே நெருடல் உண்டு. சத்தியம் செய்தவன் தகப்பன்; விலைபோனவனோ லோகிதாசன். பெரியவர்களுடைய லட்சியத்துக்கு உரிய விலையில் ஒரு பங்கைக் குழந்தைகள் கட்டுகிறார்கள். புராணங்களில் கடைசிக் கட்டத்தில் தெய்வம் தோன்றி எல்லாவற்றையும் நேர் செய்துவிடுகிறது. வாழ்க்கையில் அந்தக் கடைசிக் கட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

நம் காலத்தில் அத்தகைய பயங்கரச் சோதனைகளை யாரும் வைப்பதில்லை. சோதனை மிகவும் சாதுவான, அழகான உருவத்தில் வருகிறது. பெரிய நகரம் ஒன்றில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஒரு தாய் அல்லது தகப்பன், இந்த ஓட்டம் போதும் என்று ஒருநாள் முடிவு செய்கிறார். பத்து வயதுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக்கொண்டு, வேறொரு நாட்டுக்குக் கிளம்புகிறார். அங்கே தோட்டத்தில் களை எடுக்கிறார்கள், மரம் நடுகிறார்கள், ஆரம்பப் பள்ளி ஒன்றுக்குச் சுவர் எழுப்புகிறார்கள். கூலி கிடையாது, உணவும் படுக்கையும் உண்டு. இப்படிப்பட்டவர்களையும் பண்ணைகளையும் இணைத்து வைக்கும் இயக்கம் ஒன்று 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கியது. லண்டனில் காரியதரிசி வேலை பார்த்த ஒரு பெண்மணி, வாரக் கடைசியில் கிராமத்துக்குப் போக வழியில்லையே என்று ஏங்கியதிலிருந்து பிறந்த எண்ணம் அது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அப்படிப்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. நிதானத்தை ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு. 1986-இல் ரோமாபுரியில் ஓர் அமெரிக்க அவசரச் சாப்பாட்டுக் கடை திறக்கப்பட்டதை எதிர்த்துக் கிளம்பிய இத்தாலியர்கள், நிதானமாகச் சமைத்து நிதானமாக உண்பதையே ஓர் இயக்கமாக்கினார்கள். 1999-இல் அந்நாட்டின் சிற்றூர்கள் சில, நிதான நகரங்கள் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டன.

இந்தப் பெற்றோர்களைப் பரிகாசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. குழாயைத் திறந்தால் வருவது மட்டும் தண்ணீர் அல்ல, கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாரினால் ஊறுவதும் தண்ணீர் என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்வது நல்லதுதான். இருட்டிய பிறகு இருட்டாகவே இருக்கும் ஓர் ஊரில் சில மாதங்கள் தூங்கி எழுவதும் நல்லதுதான். ஆனாலும், விமான நிலையத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சிறு உருவத்தை விட்டு என் கவனம் நகர மறுக்கிறது. கதை எழுதுகிறவனுடைய சுபாவம் அது. பெரியவர் ஒரு லட்சியத்தின் பின்னே போகிறார். குழந்தை பெரியவர் பின்னே போகிறது. இரண்டும் ஒரே பிரயாணம் என்று சொல்லிவிட முடியுமா?

இந்தப் பிரயாணத்தில் இரண்டு லட்சியங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று தொண்டு, மற்றொன்று நிதானம். இரண்டையும் உரைகல்லில் வைத்துத் தேய்த்துப் பார்த்த ஒரு மனிதர் உண்டு. இவான் இல்லிச் என்பது அவர் பெயர். வியன்னாவில் பிறந்து, பாதிரியாராகி, மெக்ஸிகோவில் குவர்னவாகா என்னும் ஊரில் ஒரு கல்விக் கூடம் நடத்தியவர். 1968 ஏப்ரலில், கோடை விடுமுறையில் மெக்ஸிகோவின் கிராமங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேச அழைத்தார்கள். நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் நாட்டைப் பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். அந்த ஊர்ப் பேச்சே தெரியாதவனுக்கு, தான் செய்வது நன்மையா தீமையா என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

அதே மனிதர் சில ஆண்டுகளுக்குப் பிறகு வேகத்தைப் பற்றி எழுதினார். அமெரிக்கர் ஒருவர் தம் மோட்டார் காருக்காக ஓராண்டில் 1,600 மணி நேரம் செலவிடுகிறார் என்று கணக்குப் போட்டார். ஓட்டுகிற நேரம் மட்டும் அல்ல. வண்டி நிற்கிற நேரம், அதை வாங்கவும் அதற்கு எண்ணெய் போடவும் வரி கட்டவும் சம்பாதிக்கிற நேரம் எல்லாம் சேர்த்து. அத்தனை நேரத்தில் அவர் கடக்கிற தூரம் 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூட இல்லை. நம் ஊர்ப் பையன் ஒருவன் பட்டத்தின் பின்னே ஓடினால் இதை முந்திவிடுவான்.

ஆக, வேகத்தை நம்பாத அதே மனிதர்தாம் தொண்டையும் நம்பவில்லை. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு இடத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: நீ மிச்சப்படுத்துகிற நேரம், நீ அநுபவிக்கிற நிறைவு, யாருடைய கணக்கில் பற்று எழுதப்படுகிறது?

கம்போடியாவில் நடந்ததைப் பார்த்தால் அந்தக் கேள்வி எவ்வளவு கூர்மையானது என்பது விளங்கும். இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளில் அங்கே அநாதை விடுதிகள் பெருகின. அநாதைகள் பெருகியதால் அல்ல. உதவி செய்ய ஆசைப்பட்டு வந்த வெளிநாட்டார் பெருகியதால். விடுதிக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று பின்னால் நடந்த விசாரணைகள் காட்டின. வறுமை காரணமாகவும், படிப்புக் கிடைக்கும் என்ற நம்பிக்கையிலும் பெற்றோர்களே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த விடுதிக்கு வெளிநாட்டுத் தாய் ஒருத்தி தன் மகளோடு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இரண்டு வாரம் தங்கிப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள், பந்து விளையாடுகிறார்கள், கண்ணீரோடு விடைபெறுகிறார்கள். அடுத்த வாரம் வேறொரு தாயும் மகளும். வந்த குழந்தை கருணையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறது. விடுதிக் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? அன்பாய் இருக்கிறவர்கள் இரண்டு வாரத்தில் போய்விடுவார்கள் என்பதைத்தான்.

இவ்வளவு சொன்னதால், குழந்தையோடு பரதேசம் போய்த் தொண்டு செய்வதே தவறு என்று நான் முடிவு கட்டிவிட்டதாக நினைக்க வேண்டாம். அப்படிப் போய், அப்படி வாழ்ந்து, அதன் நன்மை தீமை இரண்டையும் நமக்கு எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு தகப்பனார் இருக்கிறார். அவரை நாம் மகாத்மா என்ற பெயரில் அறிவோம். தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அவர் நான்கு பிள்ளைகளின் தகப்பனார்.

1910 மே மாதம் 30-ஆம் தேதி, ஹெர்மன் காலன்பாக் என்ற ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் உபயோகத்துக்கு விட்டார். ஜோஹான்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல். ஏறக்குறைய ஆயிரம் பழ மரங்களும், கிணறுகளும், ஒரு சிறிய வீடும் அங்கே இருந்தன. டால்ஸ்டாய் பண்ணை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இரும்புத் தகடு அடித்த கொட்டகைகள் எழுந்தன. வேலைக்காரர்கள் கிடையாது, சமையலிலிருந்து கக்கூஸ் சுத்தம் செய்வதுவரை எல்லாம் தங்கள் கையால். காலன்பாக் டிராப்பிஸ்ட் சந்நியாசிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து, மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

அங்கே இருந்த நிதானத்துக்கு ஒரு காரணம் இருந்தது. டிரான்ஸ்வால் சர்க்காரின் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் திக்கற்று நின்றன. அவற்றில் தமிழ்க் குடும்பங்கள் பல. போராட்டம் எத்தனை ஆண்டு நீளும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருந்த பணமோ கொஞ்சம். எல்லாரும் ஓரிடத்தில் கூடி, உழைத்து, குறைந்த செலவில் வாழ்ந்தால்தான் போராட்டம் நிலைக்கும். எளிய வாழ்க்கையில் காந்திக்கு ஆசை இருந்தது உண்மை. ஃபீனிக்ஸில் 1904-லேயே அதைத் தொடங்கியும் விட்டார். ஆனால் டால்ஸ்டாய் பண்ணையை உண்டாக்கியது பிறருடைய தேவை.

சொந்தக் காரியமாக ஜோஹான்னஸ்பர்க் போகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும் என்பது அங்கே விதி. பண்ணைக் காரியத்துக்கு மட்டுமே ரெயில். கட்டுச்சாதம் எடுத்துக்கொண்டு விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்புவார்கள். ஆறு ஏழு மணி நேர நடை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: மிகக் குறைந்த நேரத்தில் நடந்தவர் 4 மணி 18 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார் என்பதைக் காந்தி ஞாபகமாகக் குறித்து வைத்திருக்கிறார். நிதானத்தைத் தேடிப் போனவர்களுக்கும் கடிகாரத்தின் மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்தது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பிற்பகலில். காலை முழுவதும் மண்வெட்டி பிடித்த ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து தூங்கி வழிவார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். தமிழ் எழுத்து அறியாதவர்கள். கப்பலிலும் சிறையிலும் போப்பையருடைய கைப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தாம் கற்ற கொஞ்சத் தமிழை அவர்களுக்குக் கற்பித்தார் குஜராத்தி பேசும் அந்த பாரிஸ்டர். பெரியவர்கள் செய்யாத எந்த வேலையையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லக் கூடாது என்பதும் விதி. குழி வெட்டச் சொன்னால் கூடவே ஓர் ஆசிரியரும் வெட்ட வேண்டும்.

இத்தனை அழகான வாழ்க்கைக்குள்தான் அந்தக் குடும்பத்தின் துயரமும் வளர்ந்தது.

மூத்த பிள்ளை ஹரிலால் கோழை அல்லர். தகப்பனாரின் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றவர். சின்ன காந்தி என்று ஜனங்கள் அன்போடு அழைத்த இளைஞர். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: தகப்பனாரைப் போல இங்கிலாந்து போய்ச் சட்டம் படிக்க வேண்டும். குடும்ப நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஒருவரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் படிக்க வைக்க முன்வந்தார். காந்தி தம் பிள்ளையை அனுப்பவில்லை. உறவினர் பிள்ளை சகன்லாலை அனுப்பினார். அவர் உடல்நலம் கெட்டுத் திரும்பியபோது வாய்ப்பு ஒரு பார்ஸி இளைஞருக்குப் போயிற்று. தன் பிள்ளை என்பதற்காக எதுவும் செய்யக் கூடாது என்பது அந்தத் தகப்பனாரின் தர்மம். படிப்பைவிட நடத்தையே பெரிது என்பது அவர் நம்பிக்கை. 1911-இல் ஹரிலால் சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பி டெலகோவா விரிகுடாவரை போய்விட்டார். பிறகு திரும்பி வந்து, தகப்பனாரோடு பேசித் தீர்த்து, விடைபெற்றுக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். 1915-இல் தம் மனக்குறைகளை ஒரு நீண்ட கடிதமாக எழுதி அச்சிட்டார். அதற்குப் பிந்திய அவருடைய வாழ்க்கை சிதைந்த வாழ்க்கை. தகப்பனார் மறைந்த சில மாதங்களில், 1948 ஜூனில், பம்பாயில் அவரும் மறைந்தார்.

இரண்டாவது பிள்ளை மணிலாலும் அதே தகப்பனாருக்குப் பிறந்து, அதே பண்ணைகளில் வளர்ந்தவர்தாம். தென்னாப்பிரிக்காவிலேயே தங்கி, 1956-இல் இறக்கும்வரை ஃபீனிக்ஸில் இருந்தபடி 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நடத்தினார். ஒரே வாழ்க்கை ஒரு பிள்ளைக்கு ஆயுட்காலத் தொண்டாயிற்று. இன்னொரு பிள்ளைக்கு ஆறாத புண்ணாயிற்று. ஆகையால் விளைவை வைத்துத் தகப்பனாருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு எதை வைத்துச் சொல்லலாம்?

காந்தி 1891-இல் பாரிஸ்டர் ஆனவர். அந்தப் படிப்பைப் படித்து, அந்தத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, அதன் வெறுமையைக் கண்டு, பிறகு விட்டார். அது துறவு. ஹரிலாலின் கைக்கு அது வந்து சேரவே இல்லை. கையில் வராத ஒன்றை அவர் துறந்தார் என்று சொல்ல முடியாது. அவருக்கு அது மறுக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவனுக்காக மற்றொருவன் உண்ண முடியாது என்பது போலவே, ஒருவனுக்காக மற்றொருவன் துறக்கவும் முடியாது. தகப்பன் எத்தனை பெரிய மகானாக இருந்தாலும் இந்த விதி தளராது.

அந்த மகானின் பெருமை, இதை மறைக்காததில் இருக்கிறது. பிள்ளைகளின் ஏட்டுக் கல்விக்கு வேண்டிய நேரத்தைத் தம்மால் கொடுக்க முடியவில்லை என்பதையும், பிள்ளைகளுக்கு அந்தக் குறை உண்டு என்பதையும் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அங்கேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஜோஹான்னஸ்பர்க்கில் இருந்தபோது வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகவும் வரவும் தினமும் ஏறக்குறைய ஐந்து மைல் நடப்பார். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடப்பார். குஜராத்தியில் பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சுத்தான் பாடம். மூத்தவரைத் தவிர மற்ற மூவரும் அப்படி வளர்ந்தார்கள் என்கிறார். அந்த நாட்களில் ஹரிலால் இந்தியாவில் இருந்தார். இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது பாரிஸ்டர் படிப்பு மட்டுந்தானா?

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி பிறந்த சமயம், நண்பர் ஒருவரோடு ஆரோவில் பக்கம் போயிருந்தேன். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் மழையில் அரிபட்ட வெறும் செம்மண் காடு. பல தேசத்து மனிதர்கள் வந்து வரப்புக் கட்டி, மழைநீரைத் தேக்கி, மரம் வைத்தார்கள். 2003-இல் இஸ்ரேலியத் தம்பதி ஒருவர் தங்கள் சிறு மகளோடு வந்து அங்கே சாதனா ஃபாரஸ்ட் என்று ஒரு காட்டு வேலையைத் தொடங்கினார்கள். இப்போதும் பல நாடுகளிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம்மவர்கள் சொல்வார்கள். இந்தப் பக்கத்துப் பழைய காட்டு மரங்களை வைக்கிறவன் பார்ப்பதற்கும் இருக்கமாட்டான். அவ்வளவு மெதுவாக வளர்பவை.

வழியில் ஓரிடத்தில் ஒரு வெளிநாட்டுத் தாயும் அவள் மகனும் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயதாம். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "சில நாள் பிடிக்கிறது" என்றான். ஊரில் அவன் பந்தாட்டக் கோஷ்டி ஜூன் மாதம் ஒரு போட்டியில் ஆடப் போகிறதாம். அவன் இல்லாமல் ஆடிவிடுவார்களோ என்று கவலை. தாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எத்தனை பெரிய காரியம் செய்கிறோம், பந்தாட்டம் ஒரு பிரமாதமா என்று அவள் சொல்லவில்லை. மே மாதத்துக்குள் திரும்பிவிடுவதாக அவனுக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகவும், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னாள். தனக்கு இன்னும் ஆறு மாதம் இருக்க ஆசை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

எதிர்ப்புறம் முந்திரித் தோப்பு. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொட்டையின் பால் பட்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. நண்பர் அவளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அந்தப் பையன் நல்ல பையன்யா. பார்த்தா சிரிப்பான்" என்றாள். பிறகு, "இப்பிடி மொள்ளமா இருக்கறதுக்கா அம்மாந்தூரத்துலேருந்து ஏரோப்ளேன் ஏறி வந்திருக்காங்க? நாங்க பொழுதன்னைக்கும் இப்பிடித்தான இருக்கோம்" என்று சிரித்தாள். அவளுக்கு ஒரு பெண். திண்டிவனத்தில் காலேஜில் படிக்கிறாள். "ஏழு மணி பஸ்ஸைப் புடிக்க ஓடும். அது ஓடணும்னுதான் நான் இங்க குனிஞ்சிகினு கெடக்கேன்" என்றாள்.

இரண்டு தாய்மார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு நிதானத்தைக் கொடுக்கக் கடல் கடந்து வந்திருக்கிறாள். மற்றொருத்தி தன் பிள்ளைக்கு வேகத்தைக் கொடுக்க முதுகை வளைக்கிறாள். இருவரில் ஒருத்தி தவறு செய்கிறாள் என்று யாரால் சொல்ல முடியும்? முதல் தாய்க்குத் திரும்பிப் போக வழி இருக்கிறது. இரண்டாமவளுக்கு நின்ற இடத்தைவிட்டு நகர வழி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது மிகப் பெரிய வித்தியாசம். முந்திரித் தோப்புப் பெண்ணின் வாழ்க்கையைப் பார்த்து, ஆகா எத்தனை சாந்தம் என்று அந்தப் பையன் நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினால், அவன் ஒரு பொய்யைக் கற்றுக்கொண்டு போகிறான். அவள் ஏன் குனிந்திருக்கிறாள், யாரை எங்கே ஓடச் சொல்லுகிறாள் என்பதையும் அவனுக்குத் தாய் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பிரயாணத்துக்கு ஆன செலவு தகும்.

குழந்தை தானாக விரும்பாத வாழ்க்கையில் அதை வைப்பது பாவம் என்றால், பெற்றோர் எல்லாருமே பாவிகள்தாம். காலை ஆறரை மணிக்கு அரைத் தூக்கத்தில் வேனில் ஏற்றி, இரவு எட்டு மணிக்கு டியூஷனிலிருந்து இறக்கிக்கொள்கிறோமே, அந்த வாழ்க்கையை நம் குழந்தை எந்தச் சபையில் கேட்டு வாங்கியது? வேகத்துக்குப் பலியிடுவது ஊர் வழக்கம் என்பதால் நமக்கு உறுத்தவில்லை. நிதானத்துக்காக ஒருவன் ஊரைவிட்டுப் போனால் உடனே குழந்தையின் எதிர்காலம் நம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

குழந்தையின் நாட்களைப் பெற்றோர் செலவழித்துத்தான் ஆக வேண்டும். பெட்டியில் பூட்டிப் பத்திரப்படுத்தி, இருபத்தொரு வயதில் அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. ஆனாலும் அது அடைக்கலமாக வந்த பொருள் என்ற நினைவு இருக்க வேண்டும் என்கிறேன். அடைக்கலப் பொருளைக் கையில் வைத்திருப்பவன் அதைத் தன் பெயரில் தானம் செய்ய மாட்டான். தானம் செய்து புண்ணியத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவும் மாட்டான். உடையவன் என்றைக்காவது வந்து கேட்பான் என்பதை மறக்க மாட்டான்.

பரதேசத்துத் தொண்டுக்குக் குழந்தையோடு கிளம்புகிற பெற்றோர், அங்குள்ளவர்கள் தங்களை அழைத்தார்களா, அவர்கள் பாஷையில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டோமா, தாங்கள் போன பிறகு அங்கே யாருடைய மனம் உடையும் என்று விசாரிக்கட்டும். அதோடு, பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம், "திரும்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல், கேட்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னால் போதாது, அது கேட்கும்போது செய்யவும் வேண்டும். தொண்டின் காரியம் பாதியில் நிற்கிறதே என்று அப்போது வலிக்கும். அந்த வலி பெற்றவருடைய பங்கு. அதைக் குழந்தையின் தலையில் இறக்கி வைக்காதவர் எந்த நாட்டுக்கும் போகலாம். எத்தனை மெதுவாகவும் வாழலாம். பிள்ளை வளர்ந்து வந்து கணக்குக் கேட்கிற நாளில் அவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.